சுவருக்கு அந்தப் பக்கம்



போன மாதம் ஒரு வாசகி தன் அம்மாவைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். கோடு போட்ட நோட்டுத் தாள், நீல மை, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. படித்ததும் இந்த இதழிலேயே போட்டுவிடலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். பத்து நாள் கழித்து அதே கையெழுத்தில் ஒரு அஞ்சலட்டை வந்தது. வீட்டு விஷயத்தை வெளியே சொன்னது தப்போ என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை, தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்டிருந்தார். மறுநாளே அனுப்பிவிட்டேன். பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

அவர்மேல் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. வீட்டுக்கு வீடு வாசப்படி என்று சொல்லிக்கொண்டே தன் வீட்டு வாசப்படியை மறைத்து நிற்கிற வழக்கத்தில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் அந்த அஞ்சலட்டை என் மேசையை விட்டுப் போகவில்லை. அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்குமேல் ஓடவில்லை. சொல்ல வேண்டியது நாலு வரியில் அடங்குவதாக இல்லை. அதனால் இந்தப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கதை எங்களுக்கு எங்கள் வீட்டிலிருந்து கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து கிடைத்தது.

எங்கள் ஊர் இளையான்குடிக்குப் பக்கம். இப்போது சிவகங்கை மாவட்டம், அப்போது ராமநாதபுரம். 1981 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஒரு வாத்தியார் வீட்டுக்கு வந்தார். நான் ஐந்தாம் வகுப்பு. திண்ணையில் உட்கார்ந்து தொடைமேல் அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அப்பத்தாவின் முறை வந்தது. வயசு கேட்டார், அப்பத்தா சிரித்தார்கள். ஒரு உத்தேசம் போட்டுக்கொண்டார்.

“எத்தனை பிள்ளைகம்மா?”

“அஞ்சு.”

உள்ளேயிருந்து அப்பா வந்தார். “நாலு சார். எங்க அண்ணன், அக்கா, நான், தங்கச்சி. அம்மாவுக்கு வயசாயிருச்சு, அப்பப்பத் தப்பாச் சொல்லிர்றாக.”

வாத்தியார் நாலு என்று எழுதிக்கொண்டார். அப்பத்தா மறுத்துப் பேசவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு மிளகாய் வத்தலைக் காம்பு கிள்ளத் தொடங்கினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு நன்னி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கை அப்படியே நின்றதைப் பார்த்தேன். ஏன் என்று யோசிக்கிற வயசு இல்லை எனக்கு.

நன்னியை அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு நாங்களும் நன்னி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அப்பத்தாவுக்கு அவர்கள் “ஏ ஆத்தா”. அவர்களுக்கு அப்பத்தா “அக்கா”. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது மண்சுவர். வருஷா வருஷம் மழைக்குக் கரைந்து கரைந்து இடுப்பளவுக்கு வந்துவிட்டது. உயர்த்திக் கட்ட வேண்டும் என்று இரண்டு வீட்டு ஆண்களும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், கட்டவில்லை. அந்தச் சுவரின் மேல் ஓரிடம் மட்டும் வழவழவென்று பள்ளமாக இருக்கும். இரண்டு பேரும் எதிரெதிராக நின்று முழங்கையை ஊன்றிப் பேசிய இடம் அது. மழை கரைத்ததில் பாதியை அவர்கள் முழங்கை தேய்த்திருக்கும்.

என்ன பேசினார்கள் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. கோழி பதினோரு முட்டையில் எட்டைப் பொரித்தது. மலேயாவில் இருக்கும் மகனிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. கம்மாய் மறுகால் போகுமா போகாதா. மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனது, போன வேகத்தில் திரும்பி வந்தது. குண்டு மிளகாய் என்ன விலை போச்சு. கிறுகிறுப்பு வருகிறது, மூட்டு வலிக்கிறது. காலையில் விட்ட இடத்திலிருந்து சாயங்காலம் தொடர்வார்கள். என் அம்மாவுக்கு அப்பத்தாவிடம் இருந்த குறையே அதுதான்: “வீட்டுல நடக்குறது ஒண்ணு விடாம அந்தச் சுவத்துக்குப் போயிருது.”

1987 ஐப்பசியில் அப்பத்தா போய்விட்டார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, வந்த சனம் எல்லாம் பஸ் ஏறிய பிறகு, விளக்கு வைக்கும் நேரத்தில் நன்னி வந்தார்கள். சுவர் வழியாக அல்ல, தெருவைச் சுற்றி வாசல் வழியாக வந்தார்கள். திண்ணையில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

“தம்பி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு வாத்தியார் எழுத வந்தப்ப அக்கா தப்பாச் சொல்லல. அஞ்சுதான்.”

பெரியப்பாவுக்கு மூத்ததாக ஒரு பெண் குழந்தை இருந்திருக்கிறாள். ரங்கூனில் பிறந்தவள். அப்பாவைப் பெற்ற ஐயா அங்கே ஓர் அரிசி மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அது புதுமை இல்லை. வீட்டுக்கு ஓர் ஆள் பர்மாவிலோ மலேயாவிலோ இருந்த காலம். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் நகரத்தில் இருந்தவர்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள்.  1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. துறைமுகத்திலும் தெருவிலும் நின்றிருந்த கூலிக்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலேறினார்கள். கிடைக்காதவர்கள் நடந்தார்கள். சிலர் புரோம் வழியாக மேற்கே மலையேறி அக்யாப் பக்கம் போனார்கள். மற்றவர்கள் வடக்கே மாந்தளை போய், சிந்துவின் ஆற்றைப் பிடித்து, தமு, பலேல் தாண்டி இம்பால் போய்ச் சேர்ந்தார்கள். லட்சக்கணக்கான பேர். வழியில் காலரா. எத்தனை பேர் செத்தார்கள் என்று சரியான கணக்கு யாரிடமும் இல்லை.

எங்கள் ஐயாவும் அப்பத்தாவும் அந்த வடக்கு வழியில் வந்தவர்கள். இடுப்பில் ஒரு வயசுப் பெரியப்பா. அப்பத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயசு மகள்.

நன்னி சொன்னது மொத்தமே கொஞ்சந்தான். ஆத்தங்கரையில் ஒரு ராத்திரி தங்கினார்கள். பிள்ளைக்கு விடிய விடிய வயிற்றாலே போனது. விடியும் முன்னே அடங்கிவிட்டது. ஐயா ஒரு தகரத் தட்டால் குழி பறித்தார். கூட வந்தவர்கள் மூட்டையைத் தூக்கிவிட்டார்கள். இவர்களும் தூக்க வேண்டியதாயிற்று. “பிள்ள களவாவுல போச்சு, ஆத்தா” என்று அப்பத்தா சொன்னார்களாம். அந்த வார்த்தையை அப்படியே வைத்திருந்து, அப்படியே சொன்னார்கள்.

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “உங்ககிட்ட எப்பச் சொன்னாக?” என்று கேட்டார்.

நன்னியின் இரண்டாவது மகன் விஷக்காய்ச்சலில் போன வருஷம். அப்பா அப்போது சின்னப் பையன். நன்னி சோறு தண்ணியில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அப்பத்தா ஏழு ராத்திரி அந்தப் பக்கம் போய்ப் படுத்திருக்கிறார்கள். ஏழாவது ராத்திரி இதைச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் நன்னி எழுந்து முகம் கழுவினார்களாம்.

“எங்ககிட்ட ஏன் சொல்லல?” அப்பாவின் குரலில் கோபமும் இருந்தது.

“நானும் கேட்டேன் தம்பி. பெத்த பிள்ளைககிட்டச் சொன்னா அதுகளும் சேந்து சுமக்கும்னாக. என்கிட்டச் சொன்னா நான் கேட்டுக்கிட்டு, மறுநாள் கீரை வேணுமாக்கான்னு கேப்பேன்ல, அதுக்குத்தான்.”

“இத்தனை வருசம் நீங்களும் சொல்லலையே நன்னி?”

“அக்கா இருக்கிறவரைக்கும் அது அக்கா சொத்து. நான் எப்படி எடுத்துக் குடுப்பேன்?”

இன்னொன்றும் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது உள்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஊர் வந்து சேர்ந்து அடுத்த வருஷம் பிறந்த பெண்ணுக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். எங்கள் பெரிய அத்தைக்கு. அத்தை நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்போது அவருக்கு நாற்பத்து நாலு வயசு, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தவர். “அப்ப என்னைக் கூப்பிடுறப்பெல்லாம் அம்மா ரெண்டு பேரைக் கூப்பிட்டிருக்காக” என்றார். அழவில்லை. உள்ளே போய் நன்னிக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார்.

அதன்பிறகு அப்பத்தாவின் சின்னச் சின்னச் செய்கைகள் எல்லாம் எங்களுக்கு ஒவ்வொன்றாகத் துலங்கின. எந்தக் குழந்தைக்கு வயிற்றாலே போனாலும் அவர்கள் முகம் செத்துப்போகும். சோற்றுக்கஞ்சியில் உப்புப் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். வெளியூர்ப் பயணம் என்றால் கையை விடவே மாட்டார்கள். எனக்கு வலிக்கும். விடச் சொல்லிச் சிணுங்கியிருக்கிறேன்.

ஆனால் அந்த ஒரு வார்த்தை அப்பாவைப் பாடாய்ப் படுத்தியது. களவாவுல போச்சு. களவு போய்விட்டதா? யாராவது தூக்கிக்கொண்டு போனார்களா? குழி தோண்டியதாகச் சொன்னது மனசைத் தேற்றச் சொன்னதா? அப்படியானால் எங்கோ ஓர் அக்கா உயிரோடு இருக்கிறாளா? நன்னியிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். “அக்கா சொன்ன வார்த்தை அதுதான் தம்பி. அதுக்குமேல எனக்குத் தெரியாது” என்பார்கள். நன்னிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டதைக் கேட்டபடி வைத்திருந்தார்கள். தனக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொள்ளவில்லை.

1994 வாக்கில் நான் ஒரு பத்திரிகையில் துணையாசிரியர். வெ. சாமிநாத சர்மா எழுதிய ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ அப்போதுதான் கைக்குக் கிடைத்தது. 1937 முதல் ரங்கூனில் ‘ஜோதி’ என்ற மாத இதழை நடத்திய ஆசிரியர் அவர். 1942-ல் அவரும் மனைவியோடு நடந்துதான் வந்து சேர்ந்தார். அந்த நடையைத் தமிழில் விரிவாக எழுதி வைத்தார். அதைப் படித்த பிறகு எனக்கு வரைபடம் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி திருநெல்வேலியில் பூகோள டீச்சர். அவளிடம் எங்கள் வீட்டுக் கதையை முதல்முறையாகச் சொன்னேன். அதுவரை வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை.

முழுக்கக் கேட்டுவிட்டு அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லு” என்றாள். சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பெரிய அட்லஸை எடுத்து வந்து பெஞ்சில் விரித்தாள். சிந்துவின் ஆற்றின்மேல் விரலை வைத்துக் கீழிருந்து மேலாக நகர்த்தினாள். மியிட்தா ஆறு வந்து சேரும் இடத்தில் விரல் நின்றது. கலேவா.

ஊரின் பெயர்.

பர்மாவில் ரங்கூனைத் தவிர வேறு ஊரை அறியாத எங்கள் அப்பத்தா, ஒரே ஒரு ராத்திரி தங்கிய ஊரின் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளையைப் புதைத்த ஊர் அல்லவா? கடலைத் தாண்டிப் போகாத நன்னி அதை முப்பது வருஷத்துக்குமேல் எழுத்து மாறாமல் காத்து வைத்திருக்கிறார்கள். கடைசியில் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது எங்களுக்கு எந்த உறவும் இல்லாத ஒரு டீச்சர். ராத்திரியே அப்பாவுக்கு எஸ்.டி.டி. போட்டுச் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. மீட்டரில் காசு ஏறிக்கொண்டே இருந்தது. “அப்ப களவு இல்ல” என்றார். “இல்லப்பா.” “ம்” என்று வைத்துவிட்டார்.

இந்தக் கதையை இங்கே எழுதலாமா என்று பெரிய அத்தையிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. “எழுது. பேரை மட்டும் போடாத” என்றார். போடவில்லை.

என் வாசகிக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். வீட்டுக் கதை வீட்டுக்குள்ளேயே இருந்தால்தான் பத்திரம் என்று நினைக்கிறோம். எங்கள் வீட்டில் அது நேர்மாறாக இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. ஐயாவுக்குக் குற்ற உணர்வு. பிள்ளைகளுக்கு அம்மா அழுதுவிடக் கூடாதே என்ற பயம். மருமகளுக்கு வேலை. நன்னிக்கு அக்காவைத் தவிர வேறு அக்கறை இல்லை. அதனால்தான் அவர்களால் முழுக்கக் கேட்க முடிந்தது, கூட்டாமல் குறைக்காமல் திருப்பித் தரவும் முடிந்தது. சிநேகிதம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது செய்யும் வேலைகளில் இது பெரிய வேலை என்று நான் நம்புகிறேன்.

தமிழ் எழுத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. கோவில்பட்டிக்குப் பக்கம் இடைசெவலில் 1923 செப்டம்பரில், ஒரு வாரத்துக்குள் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒருவர் கி. ராஜநாராயணன், மற்றவர் கு. அழகிரிசாமி. ஒன்றாக வளர்ந்தார்கள். அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னை போனார், மலேயாவில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகைக்குப் போனார். கி.ரா. ஊரிலேயே சம்சாரியாக இருந்தார். நடுவில் கடிதங்கள். 1970-ல் அழகிரிசாமி நாற்பத்தாறு வயசில் காலமானார். அவர் எழுதிய கடிதங்களைக் கி.ரா. காப்பாற்றி வைத்திருந்து புத்தகமாகக் கொண்டுவந்தார். 1976-ல் வந்த அவருடைய ‘கோபல்ல கிராமம்’ நாவலிலும், தெற்கே ஓடிவந்த ஒரு குடும்பத்தின் கதையை ஒரு பூட்டிதான் சொல்லிக்கொண்டு போகிறாள். கேட்பதற்கு ஆள் இருக்கும் இடத்தில் கதை இருக்கும் என்று கரிசல்காட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பழைய பெரிய துக்கம் மட்டும் அல்ல, இன்றைக்கு நடக்கிற சின்ன விஷயமும் இப்படித்தான். நாங்கள் மதுரைக்குக் குடிவந்த பிறகு அம்மா எங்கள் வளவில் குலுக்கல் சீட்டு நடத்தினார். பன்னிரண்டு பெண்கள், தலைக்கு ஐம்பது ரூபாய், மாசம் அறுநூறு. ஐந்தாம் தேதி சாயங்காலம் எல்லோரும் எங்கள் வீட்டு முற்றத்தில் கூடுவார்கள். பெயர் எழுதிய துண்டுச் சீட்டுகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் குலுக்கி ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் என் தம்பி எடுப்பான். வந்த பெயருக்குத்தான் பணம் என்பது விதி. ஆனால் விதியைவிடப் பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பு. யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் பரீட்சைப் பணம், யாருக்கு அடகு முழுகப் போகிறது என்று பேசப் பேசத் தெரிந்துவிடும். பெயர் வந்தவரே, “எனக்கு அவசரமில்லக்கா, அவுகளுக்குக் குடுங்க” என்று விட்டுக்கொடுப்பார். அந்தச் சீட்டை ஓட்டியது அதுதான்.

ஒரு மாசம் மட்டும் தப்பிப்போனது. கடைசி வீட்டு அக்கா புருஷனுக்கு மில்லில் வேலைநிறுத்தம், மூன்று மாசமாகச் சம்பளம் இல்லை. அந்த அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. வழக்கம்போலப் பூ வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்து ஐம்பது ரூபாயை வைத்துவிட்டுப் போனார். அந்த மாசச் சீட்டு இன்னொருவருக்கு வந்தது. அவர் கிரைண்டர் வாங்கினார். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, கடைசி வீட்டு அக்கா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருக்கிறது, தாலி அடகுக்கடையில் இருக்கிறது என்று. அம்மா அவர்கள் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டார். திட்டிக்கொண்டே அழுதார். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்போம்ல? சிரிச்சுக்கிட்டே வந்து உக்காந்துட்டுப் போனியே!” கிரைண்டர் வாங்கியவருக்கும் பல நாள் மனசு சரியில்லை. கஷ்டத்தை மறைத்தால் நமக்கு மட்டும்தான் பாரம் என்று நினைக்கிறோம். கூட இருப்பவரைத் தெரியாமலே தப்புச் செய்ய வைக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நல்லதைச் சொல்லவும் நமக்குத் தயக்கம் உண்டு. கண்ணு பட்டுவிடும், அவள் பிள்ளைக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லையே, இப்போது போய் நம் பிள்ளைக்குக் கிடைத்ததைச் சொல்லலாமா என்று யோசிக்கிறோம். அந்த யோசனையில் அன்பு இருக்கிறது, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் மனிதர் சொல்லித் தெரியவரும்போது அந்த சிநேகிதிக்கு ஏற்படும் வலி வேறு மாதிரி. நேரில் போய், கையைப் பிடித்துச் சொல்லிவிடுவதே நல்லது. எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்னி ஒருவர்தான் இருந்தார்கள். அப்பத்தாவுக்கு ஒருவர் போதுமாக இருந்தது.

இவ்வளவும் தெரிந்த நானே சொல்லாமல் இருந்தேன். அப்பாவுக்கு மறதி தொடங்கி மூன்று வருஷமாகிறது. முதலில் மூக்குக்கண்ணாடி, சாவி. பிறகு மாத்திரை போட்டோமா இல்லையா. பிறகு ஒரு நாள் பால் வாங்கப் போனவர் இரண்டு மணி நேரம் திரும்பவில்லை. நாங்கள் பத்து வருஷமாகக் குடியிருக்கும் தெரு. கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா பார்த்துக் கூட்டிவந்து விட்டார். திருநெல்வேலித் தோழி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். “அப்பா எப்படி இருக்காங்க?” என்பாள். “நல்லா இருக்காங்க” என்பேன். எட்டு மாசம் அப்படியே சொன்னேன். அப்பாவை யாரும் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்று இருந்தது. கணக்கில் புலி என்று ஊரில் பெயர் எடுத்தவர். அதோடு, வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்றும் ஒரு பயம்.

ஒரு ஞாயிறு அவள் கேட்டபோது பதில் வரவில்லை, அழுகை வந்தது. அவள் அடுத்த ரயிலில் வந்து நின்றாள். அவள் மாமியாருக்கு ஆறு வருஷம் இதே நிலைமை இருந்ததாம். அப்போதுதான் எனக்குத் தெரியும். அவளும் சொல்லவில்லை பாருங்கள். இரண்டு நாள் இருந்தாள். அப்பாவின் சட்டைகளை எல்லாம் எடுத்து, உள்பக்கம் காலருக்குக் கீழே ஒரு சின்ன வெள்ளைத் துணியில் என் போன் நம்பரை எழுதித் தைத்தாள். மாத்திரைக்கு ஏழு கிண்ணம் வரிசையாக வைத்தாள். குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னாள். “அவங்க தப்பாச் சொன்னா திருத்தாத. திருத்தினா பயந்துருவாங்க. கூடவே போ” என்றாள். எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை. ராத்திரி இரண்டு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து, ஆறு வருஷக் கதையை அவளும் எட்டு மாசக் கதையை நானும் பேசி முடிக்க மணி இரண்டாகிவிட்டது.

அஞ்சலட்டை வந்த வாரமே வாசகிக்கு அந்த நாலு வரியை மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன். பத்திரிகைக்கு அவசரமில்லை, முதலில் உங்களுக்குப் பிடித்த ஒருவரிடம் அந்த எட்டுப் பக்கத்தையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள் என்று. முந்தாநாள் பேசினார். கூட வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிநேகிதியிடம் படித்தாராம். மூன்றாம் பக்கத்தில் அந்த அம்மாள் நிறுத்தச் சொல்லித் தன் அம்மாவின் கதையைத் தொடங்கிவிட்டாராம். இன்னும் நாலாம் பக்கத்துக்கு வரவில்லை என்றார். குரல் தெளிவாக இருந்தது.

போன வாரம் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டார். என்ன வருஷம், என்ன மாசம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். கணக்கில் புலி இரண்டு தடவை கழித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

“உங்க அப்பா அம்மாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகய்யா?”

அப்பா உடனே சொன்னார். “அஞ்சு.”

டாக்டர் முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். போன தடவை வந்தபோது விவரம் கொடுத்தது என் தம்பி. பழக்கத்தில் நாலு என்று சொல்லியிருக்கிறான். சரிதானா என்று கேட்பதுபோல் டாக்டர் என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார். அவர் கை மேசை ஓரத்தைப் பிடித்திருந்தது.

“அஞ்சுதான் டாக்டர்” என்றேன்.

அவர் நாலை அடித்துவிட்டு மேலே ஐந்து என்று எழுதினார்.

அன்புடன்,
ஆசிரியர்